தூண்டிலும் மௌனமும்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைக்கின்ற பழைய பாலத்திலே மாலை நான்கு மணிக்குப் பின்னர் சென்று பார்ப்பவர்கள், கைபிடிக் கம்பிகளை ஒட்டி வரிசையாக நிற்கும் ஒரு கூட்டத்தினரைக் காணலாம். வங்கி எழுதுவினைஞர், முச்சக்கர வண்டிச் சாரதி, ஓய்வுபெற்ற ஆசிரியர், பாடசாலை மாணவன் என்று அவர்கள் பலதிறப்பட்டவர்கள். ஒருவர் கையில் மூங்கிற்கோல் இருக்கும். மற்றொருவர் கையில் நூற்சுருள் பூட்டிய வெளிநாட்டுத் தூண்டிற்கோல் இருக்கும். இன்னொருவர் வெறும் பிளாஸ்ரிக் போத்தலிலே தங்கூசி நூலைச் சுற்றி வைத்திருப்பார். எல்லோரும் நீரையே பார்த்துக்கொண்டிருப்பர். அவர்களுள் எவரும் மீன் விற்றுச் சீவிப்பவரல்லர். மீன் கிடைக்காவிடின் அவர்கள் வீட்டில் உலை ஏறாமற் போவதுமில்லை. அவ்வாறாயின் அவர்கள் அங்கு எதற்காக நிற்கிறார்கள்? இந்தக் கேள்வி என்னை நோக்கியே எழுப்பப்பட்ட ஒரு மாலைப்பொழுதைப் பற்றியதே இக்கட்டுரை. நானும் அக்கூட்டத்தில் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வாவி 50 கிலோமீற்றருக்கும் கூடிய நீளமுடையது. மாரி காலத்திலே வெள்ளம் பெருகி முகத்துவாரம் உடைபடும்போது கடலும் வாவியும் ஒன்றாகும். கோடையில் மணல் மேடிட்டு அவ்வாயில் அடைபடும். உப்பும் நன்னீரும் இவ்வாறு மாறிமாறிக் கலப்பதனாலேதான் திரளி, மணலை, செத்தல், கெளிறு, கொடுவா என்று பலவகை மீன்களும் இறாலும் நண்டும் இங்கு பெருகுகின்றன. லேடி மனிங் பாலம் என்னும் பெயருடைய பழைய கல்லடிப் பாலம் 1928ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. நிலாக் காலத்து இரவுகளில் அதன் அடியிலே கேட்பதாகச் சொல்லப்படும் நீரடி இசையே 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயரை எமக்குத் தேடித்தந்தது. எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலிலே அவ்விசையைத் தாம் கேட்டதாக எழுதியிருக்கிறார். 2013ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பட்டபோது கனரக வாகனங்கள் அங்கு மாறின. பழைய பாலம் நடப்பவர்களுக்கும் நிற்பவர்களுக்கும் உரியதாயிற்று. தூண்டிற்காரர்களுக்கு அதுவே பொற்காலத்தின் தொடக்கம்.

என்னை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றவர் என் தாயின் தமையனாராகிய மாமா. அவர் கணிதம் கற்பித்த ஆசிரியர். எதையும் முறைப்படி செய்பவர். தூண்டிலையும் அவர் எனக்கு ஒரு பாடமாகவே கற்பித்தார். செத்தலின் வாய் சிறியது. அதற்குச் சிறிய முள்ளும் பிசைந்த மாவும் போதும். கெளிறு அடிநிலத்திலே மேய்வது. ஆகவே ஈயக்குண்டைக் கனமாக்கி இரையைத் தரையிற் கிடத்த வேண்டும். பிடித்த பின் அதன் முட்களுக்குக் கையைத் தப்புவிக்க வேண்டும். கொடுவாவோ உயிருள்ள இரையை நாடுவது. பாலத்தின் தூண் நிழலிலே மறைந்து நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இறாலையும் சிறுமீனையும் அது திடீரெனப் பாய்ந்து விழுங்கும். எனவே நீர் ஓடத் தொடங்கும் வேளையும் வெளிச்சம் மங்கும் வேளையும் ஒன்றுசேரும் நாட்களே கொடுவாவுக்கு உகந்தவை. உயிர் இறாலை முள்ளிற் குத்தும்போது அதன் தலையிலுள்ள கரும்புள்ளியைத் தவிர்த்து, வாற்பக்கமாகக் குத்த வேண்டும். இவற்றையெல்லாம் அவர் கேத்திரகணிதத் தேற்றம் போல ஒவ்வொன்றாக நிறுவிக் காட்டுவார். அதன்பின் பேச்சை நிறுத்திவிடுவார். மணித்தியாலக் கணக்கிலே நாங்கள் பேசாமல் நிற்போம்.

மாமா மீன் உண்பதில்லை. அவருடைய இல்லம் நாவலடியிலே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்துண்டில் இருந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி காலையில் கடல் அந்நிலத்தைக் கடந்து வாவியோடு கலந்தது. அன்று என் அம்மம்மாவையும் மாமாவின் ஒரே மகளையும் இழந்தோம். அம்மம்மாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. மச்சாளின் உடல் கிடைக்கவேயில்லை. அவ்வனர்த்தத்தின் பின்னர் கரையோர மக்கள் பலர் மாதக்கணக்கிலே மீனைத் தொடவில்லை என்பதை அறிந்தோர் அறிவர். காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. காலம் செல்ல மற்றவர்கள் பழைய உணவுக்குத் திரும்பினார்கள். மாமா திரும்பவில்லை. எங்கள் வீட்டிலே மீன் சமைக்கும் நாட்களில் அம்மா அவருக்கென்று பருப்பும் கத்தரிக்காயும் தனியாக ஆக்குவார். எனக்கு நினைவு தெரிந்த காலந்தொட்டு அது வழமையாகவே இருந்தது. ஆகவே, மீனையே உண்ணாத ஒருவர் ஏன் தூண்டிலுடன் நிற்கிறார் என்று எண்ணிப்பார்க்க எனக்கு நெடுங்காலம் தோன்றவில்லை. அவர் பிடித்த மீன்களை எல்லாம் முள்ளைக் கழற்றித் திரும்பவும் வாவியிலேயே விட்டுவிடுவார். அதனை நான் கருணை என்று கருதினேன். நானும் அவ்வாறே செய்யப் பழகினேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், நூலகத்திலே ஆங்கில இலக்கிய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஐசாக் வால்டனின் 'தி கொம்ப்ளீற் ஆங்லர்' என் கைக்கு வந்தது. 1653ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த நூல் அது. தூண்டில் மீன்பிடியைப் பற்றிய கைநூலாகத் தொடங்கி, ஆற்றங்கரை உரையாடலாகவும் பாட்டாகவும் சமயச் சிந்தனையாகவும் விரிவது. என்னைக் கவர்ந்தது நூலின் பொருளைவிட அது தோன்றிய காலமே. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் 1642இல் தொடங்கி 1651இல் ஓய்ந்தது. மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டிருந்தான். மன்னன் பக்கம் நின்ற வால்டன் தோல்வியுற்றோர் வரிசையிலே இருந்தார். இளமையில் தம் மக்கட் பலரையும் மண்ணுக்குக் கொடுத்தவர். அத்தகைய ஒருவர், போர் ஓய்ந்த இரண்டாண்டுகளில், அரசியலைப் பற்றி ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசாமல், புழுவைக் கோக்கும் விதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறார். அமைதியாயிருக்கப் பயிலுங்கள் என்ற அப்போஸ்தலரின் அறிவுரையோடு அதனை முடித்து வைக்கிறார். அதைப் படித்தபோது என் மனக்கண்ணில் வந்து நின்றது ஆங்கிலேய நதியன்று. சோதனைச் சாவடிகள் நீங்கிய பின்னர் மனிதர் வரிசையாக நிற்கும் கல்லடிப் பாலமே.

எனினும், பொழுதுபோக்குத் தூண்டில் நம் மண்ணுக்கு எவ்வழியாக வந்தது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சங்கச் செய்யுட்களின் நெய்தல் நிலத்திலே தூண்டில் பரதவரின் தொழிற்கருவி. வள்ளுவர் சூதினைப் பழிக்கும் அதிகாரத்திலே, சூதாடி பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார்; கோலின் மறுமுனையில் நிற்பவனை விட்டு மீனின் பக்கம் நின்று பார்த்த உவமை அது. விளையாட்டாக மீன்பிடிக்கும் வழக்கத்தை இந்நாட்டிலே ஒரு நிறுவனமாக்கியவர்கள் பிரித்தானியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே அவர்கள் திறவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலுமுள்ள குளிர்ந்த ஓடைகளிலே வளர்த்தனர். துரைமார் ஓய்வுநேரத்தில் தூண்டில் போடுவதற்காகவே ஒரு மீன் கடல் கடந்து வந்தது. 1952இலே இன்னொரு மீனும் கடல் கடந்து வந்தது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா, வறண்ட பிரதேசத்துக் குளங்களிலே விடப்பட்டு, ஏழை மக்களின் கறிச்சட்டிக்குப் புரதம் தந்தது. ஒன்று விளையாட்டுக்கு வந்த மீன். மற்றது சோற்றுக்கு வந்த மீன். தூண்டிலைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவனும், தான் இவற்றுள் எதனைத் தேடுகிறான் என்ற வினாவுக்கு விடைகூறக் கடமைப்பட்டவனென்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

சென்ற விடுமுறையிலே ஒரு நாள். மழைக்கு முந்திய புழுக்கமான மாலை. பாலத்திலே நெருக்கமாக இருந்தமையால் மாமாவும் நானும் கீழே இறங்கிப் பாலத்தடிக் கற்களின்மீது அமர்ந்திருந்தோம். நீர் மெல்ல ஓடத் தொடங்கிய வேளையிலே என் கோல் வளைந்தது. நூற்சுருள் கீச்சிட்டு நூலை இழந்தது. கொடுவா என்பதை நீரை விட்டு அது ஒருமுறை எழும்பித் தலையை உதறியபோது கண்டேன். அரைமணி நேரம் போராடினேன் என்று பிற்பாடு நண்பர்களிடம் கூறினேன். உண்மையிலே பத்து நிமிடம் இருக்கலாம். மீன் கரைக்கு வந்தபோது பாலத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்தைவிடப் பெரியது அது. நான் அதனைச் சூடேறிய கல்லின்மீது கிடத்தினேன், தூக்கிப் பிடித்தேன், பாலத்திலிருந்து இறங்கி வந்த ஒரு தம்பியிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். முதற்படம் தெளிவாக இல்லை. இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதன்பின் முள்ளைக் கழற்ற முனைந்தபோதுதான், அது உதட்டிலே கொளுவாமல் தொண்டைக்குள் இறங்கியிருந்ததைக் கண்டேன். இழுத்தேன். செவுளிலிருந்து இரத்தம் வந்தது. மாமா எழுந்து, "இழுக்காத, நூலை வெட்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் முள் வெளியே வந்துவிட்டது.

நீரிலே விட்டேன். அது ஒருமுறை வாலை அசைத்தது. பின்னர் பக்கவாட்டிலே சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய, ஓட்டத்தோடு மெல்ல மிதந்து சென்றது.

அவ்வேளையிலே வீச்சுவலையுடன் தோணியில் வந்துகொண்டிருந்த முதியவரொருவர் அதனைக் கையால் எடுத்துத் தோணியை எங்கள் பக்கம் திருப்பினார். அவருடைய தோணியிலே அன்றைய உழைப்பாக ஒரு சிறு கூடையின் அடி மறையும் அளவுக்குத் திரளிக் குஞ்சுகளும் சில இறால்களுமே கிடந்தன. என் மீன் அவருடைய கூடை முழுவதையும்விடப் பெறுமதி மிக்கது. அவர் அதனை என்னிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி, ஒங்கட மீன்."

"வேணாம், நீங்களே வச்சிருங்க" என்றேன். பெருந்தன்மையோடு சொல்வதாக எனக்கு நினைப்பு.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. "திங்கிறதுக்கும் இல்ல, விக்கிறதுக்கும் இல்ல எண்டா என்னத்துக்குத் தம்பி புடிக்கிறீங்க?" என்று கேட்டார். அக்குரலிலே கோபம் இருக்கவில்லை. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலவே அவர் கேட்டார். படித்த பிள்ளை விடை சொல்லும் என்று எதிர்பார்த்தவர் போலச் சிறிது நேரம் காத்திருந்தார். என்னிடம் விடை இருக்கவில்லை. மாமாதான் கற்களில் இறங்கி, இரு கைகளாலும் அம்மீனை வாங்கினார். "நாங்க கொண்டு போறம் அண்ணன்" என்றார். தோணி சென்றது.

வீடு செல்லும் வழியில் மாமா ஒன்றும் பேசவில்லை. அம்மாவிடம் மீனைக் கொடுத்து, "ஆக்கு" என்று மாத்திரம் சொன்னார். அம்மா வழமைபோலப் பருப்பையும் அடுப்பில் வைத்தார். இரவு உணவுக்கு அமர்ந்தபோது மாமா பருப்புச் சட்டியை விலக்கி, கொடுவாக் கறியிலே ஒரு துண்டைத் தம் கோப்பையில் இட்டுக்கொண்டார். அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. ஒருவரும் எதுவும் கூறவில்லை. அவர் மிக மெதுவாக உண்டார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையின் ஓரத்திலே ஒழுங்காக அடுக்கினார். கை கழுவப் போகும்போது, "உப்பு கொஞ்சம் கூடிட்டுது" என்றார். அம்மா குசினிக்குள் சென்று நெடுநேரம் வெளியே வரவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பிய பின்னர் அம்முதியவரின் கேள்வியோடு நான் நூலகத்திலே பல நாட்களைக் கழித்தேன். மீனுக்கு நோவு உண்டா என்பதைப் பற்றி விஞ்ஞானிகளிடையே வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2003ஆம் ஆண்டு லின் ஸ்நெடனும் அவருடன் ஆய்வு செய்தோரும், வானவில் திறவுட்டின் தலைப்பகுதியிலே ஊறுதரும் தாக்கங்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலே ஜேம்ஸ் றோஸ் என்பார், மனித மூளையிலுள்ள புறணி மீனுக்கு இல்லாமையால் நாம் நோவு என்று சொல்லும் அனுபவம் அதற்கு இருக்க முடியாது என வாதிட்டார். பைரன் இவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் காத்திராமல், 'டொன் யுவான்' என்ற தமது நெடும்பாடலிலே தூண்டிலைக் கொடுமையான கலையென்று கூறி, வால்டனையும் கடிந்துகொண்டார். மீனைப் பிடித்து விடுதலை செய்வது பற்றியும் உலகம் ஒருமனப்படவில்லை. அமெரிக்கத் தூண்டிற்காரர் பலர் அதனை நீரின் வளத்தைக் காக்கும் உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றுகின்றனர். சுவிற்சர்லாந்திலோ, திரும்ப விடும் நோக்கத்தோடு மீனைப் பிடிப்பதே 2009இலிருந்து சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது. விளையாட்டுக்காக ஓர் உயிரைத் துன்புறுத்தலாகாது. உண்பதற்கென்றால் மாத்திரம் பிடிக்கலாம் என்பது அங்குள்ள நியாயம். தோணிக்காரர் கேட்ட கேள்வியை ஒரு நாட்டின் சட்டமும் கேட்டிருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வேறொன்றையும் அறிந்துகொண்டேன். கொடுவா முதலிலே ஆணாக முதிர்ச்சியடைந்து, ஆண்டுகள் பல சென்றபின் பெண்ணாக மாறும் மீன். பருத்த கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்களே. கடல்வாய்க்கு அருகே சென்று முட்டையிட்டு வாவியின் சந்ததியைப் பெருக்குபவை அவையே. நான் படம் எடுப்பதற்காகச் சூடான கல்லிற் கிடத்தியது எதனை என்பது அப்போது விளங்கிற்று. உலர்ந்த கையும் கல்லும் மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்பை உரித்துவிடும் என்பதும், விழுங்கிய முள்ளை இழுப்பதிலும் நூலை வெட்டிவிடுதலே மீன் பிழைக்க ஓரளவேனும் வழி என்பதும், நான் வாசித்த எல்லா நூல்களிலும் இருந்தன. மாமாவும் அதைத்தான் சொன்னார். நான் கேட்பதற்குப் பிந்திவிட்டேன்.

அடுத்த விடுமுறைக்குச் சென்றபோது, இவற்றையெல்லாம் மாமாவிடம் கூறினேன். திறவுட் ஆய்வையும் சுவிற்சர்லாந்துச் சட்டத்தையும் அவர் கவனமாகக் கேட்டார். பிறகு நான் அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன்: மீன் உண்ணாத காலத்திலும் ஏன் தூண்டிலோடு நின்றீர்கள்?

"சனாமிக்குப் பிறகு நான் வாவியப் பாத்துக்கொண்டு நிக்கப் போவன். சும்மா நிண்டா, போற வாற ஆக்கள் எல்லாரும் 'என்ன சேர் யோசிக்கிறீங்க, வாங்க வீட்ட போவம்' எண்டு கையப் புடிப்பாங்க. பாவம், அவங்க பயத்தில புடிக்கிற. தூண்டிலோட நிண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. 'என்ன பட்டுது?' எண்டு மட்டும் கேப்பாங்க. அது காணும் எனக்கு."

சற்று நேரம் கழித்து, "மீனுக்கு அதில ஒரு ஞாயமும் இல்லத்தான்" என்றார்.

நம் சமய மரபிலே தாயுமானவர் போன்றோர் சும்மா இருத்தலைப் பேரின்பமாகப் போற்றினர். ஆயினும், துயருற்ற மனிதன் ஒருவன் பொது இடத்திலே சும்மா நிற்பதற்கு நம் சமூகம் இலகுவில் இடங்கொடுப்பதில்லை. கையிலே ஒரு தொழில் இருக்க வேண்டும். அல்லது தொழில் போலத் தோன்றும் ஒன்றாவது இருக்க வேண்டும். போர்க்காலத்தையும் கடற்கோளையும் கண்ட ஓர் ஊரிலே, ஒருவரையொருவர் வினவாமல் பக்கத்திலே நிற்பதற்கு அப்பாலம் இடந்தந்திருக்கிறது. தூண்டிற்காரரைச் சோம்பேறிகள் என்று நகைப்போர் இதனை அறியார். அதே வேளையில், அம்மௌனத்தின் விலையை இதுவரை கொடுத்து வந்தது மீனே என்பதையும் நான் மறுக்க மாட்டேன். எங்கள் துயருக்கு அது பொறுப்பன்று. என் பொழுதுபோக்குக்கு நிச்சயமாகப் பொறுப்பன்று.

மாமா இப்போதும் மாலையிலே பாலத்துக்குப் போகிறார். முள்ளின் எதிர்க்கொளுக்கியை அரத்தினால் அராவி மழுக்கிவிட்டார். கறிக்கு அளவான மீன் ஒன்று கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அன்றைக்கு மறுபடி தூண்டில் போடுவதில்லை. நூலைச் சுற்றி வைத்துவிட்டுப் பொழுது சாயும் வரை சும்மா நிற்கிறார். நானும் பக்கத்திலே நிற்பேன். வெறுங்கையுடன் நிற்கும் எங்களை இப்போது எவரும் விசாரிப்பதில்லை. சென்ற முறை அத்தோணிக்காரர் கீழே போகும்போது எங்களை நிமிர்ந்து பார்த்து, "இண்டைக்கு என்ன பட்டுது?" என்று கேட்டார்.

"ஒரு மணலை" என்றார் மாமா. "பொரிக்கக் காணும்."